முகபாவத்துக்குத் தனிக் கட்டணம்

மே 2, வெள்ளி

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். ஆறாங்கிளாஸுக்கு அனுப்பவேண்டாம் என்று சொன்னது எங்கள் பெரியப்பா. அவர் செத்துப் பல வருஷமாச்சு, நான் இன்னும் மன்னிக்கலை. இதில் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அவரைத்தான் கேட்கணும்.

டைரி கொடுத்தது என் பேத்தி தன்யஸ்ரீ. ஏழாங்கிளாஸ் முடிச்சிருக்கா. கோயில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் லீவுக்கு ‘இளம் தொழிலதிபர் முகாம்’ நடத்துகிறார்கள். பிள்ளைகளை முதலாளி ஆக்கி அனுப்புவார்களாம். அங்கே கொடுத்த டைரியை என் மடியில் போட்டு, “ஆச்சி, நீங்கதான் என் முதல் வாடிக்கையாளர். அனுபவத்தைத் தினமும் எழுதணும்” என்றாள்.

“என்ன கடைட்டி?”

“அது இன்னும் முடிவாகலை.”

கடைக்கு முன்னால் வாடிக்கையாளர் வந்தாச்சு. பயமில்லாமல் எழுதலாம், அவள் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சொல்லிக் கொடுப்பவர் பேர் நவீன் சார். சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று மருமகள் கோகிலா சொன்னாள். “உங்க வீட்ல என்ன கஷ்டம் இருக்குன்னு பாருங்க. அந்தக் கஷ்டம்தான் உங்க தொழில்” என்றாராம். மற்ற பிள்ளைகள் சர்பத், மெஹந்தி, பாசி வளையல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டன. இவள் மட்டும் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்தப் பார்வை பிடிக்கலை.

மே 4, ஞாயிறு

மாடியில் இருப்பவள் சீனியம்மாள். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. கீழே நான், மகன் தங்கராசு, கோகிலா, தன்யா. மேலே அவள் ஒருத்தி. ஒரே மகன் அழகுராசா ஓசூரில் வேலையாக இருக்கிறான்.

என் மகள் கல்யாணத்தன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. குடும்பப் போட்டோ எடுக்கும்போது எனக்கு முன்னால் வந்து நின்றாள். ராமர் பச்சைப் பட்டு, அரக்கு பார்டர், வாங்கின பூ பூராவும் அவள் தலையில். போட்டோக்காரன், “அம்மா, கொஞ்சம் தள்ளுங்க” என்று சொல்லத்தான் செய்தான். தள்ளினாள், என் பக்கமாக. ஆல்பத்தில் பெண்ணைப் பெத்தவளுக்கு இடது காது மட்டும்தான் இருக்கு. கம்மல் நன்றாகத் தெரியுது. அதுவும் அவளிடம் இரவல் வாங்கினது.

பேசுவதில்லை என்றால் வீட்டுக் காரியம் நிற்குமா? பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவோம். முதலில் தங்கராசு. அவனுக்கு மீசை முளைத்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். இப்போ தன்யா. ‘மாடியில சொல்லு’, ‘கீழ சொல்லு’. இரண்டு இழவுக்கும் துக்கம் விசாரித்ததே இப்படித்தான்.

இன்று காலையில், “ஏட்டி தன்யா, தொட்டி நிறைஞ்சு தெருவெல்லாம் தண்ணி ஓடுது, மோட்டாரை அமத்தத் துப்பில்லையான்னு மாடியில கேளு” என்றேன். அவள் அசையலை. கழுத்தில் தங்கராசுவின் பழைய டை. கையில் ஒரு அட்டை.

“ஆச்சி, இன்னையிலிருந்து இது கம்பெனி. பேரு ‘சொல்லிட்டேன்’. சாதா சேதிக்கு ஒரு ரேட்டு, அவசரத்துக்கு ஒரு ரேட்டு. முகபாவத்துக்குத் தனிக் கட்டணம்.”

“முகபாவம்னா?”

“நீங்க மூஞ்சியை எப்படி வச்சுக்கிட்டுச் சொன்னீங்களோ, நானும் அப்படியே வச்சுக்கிட்டுச் சொல்றது.”

“நேத்து வரைக்கும் சும்மாதானட்டி சொன்னே?”

“நேத்து வரைக்கும் நான் சின்னப் பிள்ளை.”

சாதாவே போதும் என்றேன். போய், ஒரு வார்த்தை மாறாமல், ரயில்வே ஸ்டேஷனில் வண்டி வரும் நேரம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள். “துப்பில்லையா” என்பதையும் அப்படியே. மேலே இருந்து பதில் வந்தது: “சரி, சொன்னதுக்கு நல்லது.”

நல்லது என்று சொல்லுகிற மாதிரியா நான் சொன்னேன்? என் உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த சேதிக்கு முகபாவமும் சேர்த்து வாங்கினேன்.

மே 6, செவ்வாய்

தன்யா கண்ணாடி முன்னால் நின்று என் மூஞ்சியைப் பழகுகிறாள். மூக்கு விடைக்க வேண்டும், வலது புருவம் மட்டும் ஏற வேண்டும். “தாடையை இன்னும் இழுக்கணுமா ஆச்சி?” என்று வந்து வந்து கேட்டாள். கோகிலா சிரிப்பை அடக்கமாட்டாமல் அடுப்படிக்குள் ஓடினாள். அதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். முந்தியெல்லாம் வாயில் வந்ததை வந்த நேரத்துக்குச் சொல்லி அனுப்புவேன். இப்போ பகலெல்லாம் சேர்த்து வைத்துப் பொழுதடையும்போது ஒரே சேதியாக அனுப்புகிறேன், ஒரு கட்டணத்தோடு போச்சு. மாடிக்காரியும் அப்படியே செய்கிறாள், பென்ஷன் காசை எண்ணிச் செலவழிக்கிறவள்தானே. வீடு இப்போ அமைதியாக இருக்கு என்று தங்கராசு சந்தோஷப்படுகிறான்.

மே 9, வெள்ளி

கம்பெனி தெருவுக்குள் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு வாத்தியாரும் டீச்சரும் பேசுவதில்லை, அங்கே காலையில் ஒரு நடை, ராத்திரி ஒரு நடை. முக்கில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிக்குள் ஆகாது. ஒருவன் டீ ஆற்றுகிறான், ஒருவன் வடை போடுகிறான், நடுவில் இவள் டையோடு நின்று, “அண்ணன் ரெண்டு வடை கேக்காங்க” என்று சொல்கிறாள். வேலைக்குக் கூடப் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறாள். அதுகளும் டை.

ராத்திரி சாப்பாட்டில் தங்கராசுவுக்கும் கோகிலாவுக்கும் மிக்ஸி ரிப்பேரில் முட்டிக்கொண்டது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “தன்யா, உங்கம்மாட்ட உப்பு எடுக்கச் சொல்லு” என்றான்.

“அப்பா, அது கட்டண சேவை.”

“ஒரு கை தூரத்துல இருக்காடி!”

“தூரத்துக்கு ரேட்டு இல்லைப்பா, சேதிக்குத்தான்.”

உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தான். எங்கள் வம்சத்து ரோஷம்.

மே 11, ஞாயிறு

நவீன் சார் முதல் வாடிக்கையாளரைப் பார்க்க வந்தார். கோட்டைக் கழற்றவே இல்லை. மோர் கொடுத்தேன்.

“பாட்டி, இந்தச் சேவை உங்க வாழ்க்கையில என்ன மாற்றத்தைக் கொண்டுவந்துச்சு?”

நான் போட்டோ கதையை ஆதியிலிருந்து சொன்னேன். ஆல்பத்தை எடுத்து என் காதைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்து, “கம்மல் நல்லாருக்கு” என்றார். அந்த மனுஷனுக்கு அதற்குமேல் மோர் ஊற்றலை.

போகும்போது தன்யாவிடம், “வாடிக்கையாளர் திடீர்னு சமாதானம் ஆயிட்டா என்ன செய்வே?” என்று கேட்டார். இவள் கொஞ்சமும் யோசிக்கலை.

“எங்க ஆச்சிமாருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி சார். ஆகமாட்டாங்க.”

“நிலையான சந்தை!” என்று அவள் கையைக் குலுக்கினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மே 13, செவ்வாய்

வாத்தியாரும் டீச்சரும் சமாதானம். நேற்று சாயங்காலம் சேர்ந்து கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், மல்லிகைப்பூ வேறு. தன்யா படியில் உட்கார்ந்து அழுதாள். “நல்ல வாடிக்கை ஆச்சி. காலையும் ராத்திரியும் தவறாது.”

பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. “அந்த டீச்சரோட தங்கச்சி கல்யாணத்துல வாத்தியார் பந்தியிலிருந்து பாதியில எந்திரிச்சுப் போனாரே, அதை அவ மறந்துட்டாளா?” என்றேன், சும்மா. தன்யா கண்ணைத் துடைத்தாள். “இந்த மாதிரி வேற எதுவும் தெரியுமா ஆச்சி?”

இந்தத் தெருவில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? யார் வளைகாப்பில் யாருக்கு வளையல் போடாமல் விட்டார்கள், யார் வீட்டு இழவுக்கு யார் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்கள், எல்லாம் இருக்கு. மத்தியானத்துக்குள் கம்பெனியில் ‘ஞாபகப் பிரிவு’ திறந்தாச்சு. நான்தான் அதற்குத் தலைவி. எனக்கும் ஒரு டை வந்தது. சேலைக்கு மேலே கட்டினால் நன்றாகத்தான் இருக்கு.

சாயங்காலம் தெருவில் மூன்று வீட்டில் புதுசாகப் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

மே 14, புதன்

மேலே இருந்து சேதி வந்தது. தன்யா என் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“ஜூன் பிறந்ததும் நான் ஓசூருக்கு மகன் வீட்டோட போறேன். மாடியைப் பூட்டிருவேன். கரண்ட் பில்லை அதுக்குமேல நீங்களே பாத்துக்கிடுங்க. அவ்வளவுதான்.”

ரயில்வே ஸ்டேஷன் மாதிரியே சொன்னாள். நான் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தேன்.

“சொல்லும்போது மூஞ்சி எப்படிட்டி இருந்துச்சு?”

“முகபாவம் அவங்க வாங்கலை ஆச்சி.”

“வாங்காட்டி என்ன, நீ பாத்தேல்ல?”

“அது வாடிக்கையாளர் ரகசியம்.”

“நான் காசு தாரேன்.”

“அனுப்புறவங்கதான் வாங்க முடியும். வாங்கிக்கிடுறவங்க வாங்க முடியாது. அட்டையிலேயே போட்டிருக்கு.”

போனால் போகட்டும், யார் கையைப் பிடித்து இழுத்தது என்று பதில் அனுப்பினேன். முகபாவத்தோடு.

மே 15, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. மேலே பெட்டி இழுக்கிற சத்தம்.

மே 17, சனி

பேத்தி கம்பெனி நன்றாக நடக்கட்டும் என்று நிறையச் சேதி அனுப்பினேன். அதற்காகத்தான். மாடிக் கறிவேப்பிலைக்கு யார் தண்ணி ஊற்றுவது? “செடி உங்க பக்கத்து மண்ணுல இருந்து வந்ததுதான், நீங்களே வச்சுக்கிடுங்க.” ரேஷன் கார்டை மாற்றியாச்சா? “மாத்தலை.” அழகுராசா பெண்டாட்டிக்குச் சமைக்கத் தெரியுமா? “தெரியும்.” எல்லாம் சாதா. ஒன்றிலாவது கூட இரண்டு ரூபாய் போட்டு முகபாவம் வாங்கினாள் என்றால் என்ன? அவள் கை அன்றைக்கும் அப்படித்தான். என் தலைப்பிரசவத்துக்குப் பார்க்க வந்தபோது வெறும் வாழைப்பழம்.

சாயங்காலம் வாய்தவறி, “ஓசூர்ல குளிரும்பாங்க. அவளுக்கு முட்டிவலி. எனக்கென்ன. இதைப் போய்ச் சொல்லிராதே” என்றேன். இவள் போய், “ஓசூர்ல குளிரும்பாங்க, அவளுக்கு முட்டிவலி, எனக்கென்ன, இதைப் போய்ச் சொல்லிராதே” என்று முழுசாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வார்த்தை மாறக்கூடாது என்பது கம்பெனிச் சட்டமாம்.



மே 20, செவ்வாய்

சனிக்கிழமை முகாம் முடிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் நிஜ வாடிக்கையாளரை வைத்துத் தொழிலைச் செய்து காட்டணும். தன்யாவுக்கு நானும் மாடிக்காரியும். அவள் வருகிறேன் என்றுவிட்டாளாம். நானும்தான் வருகிறேன் என்றேன், அவளுக்கு நான் சளைத்தவளா.

தன்யா என் பக்கத்தில் வந்து படுத்தாள். “ஆச்சி, மாடி ஆச்சி போயிட்டா கம்பெனி என்னாகும்னு நடுவர் கேப்பாங்க.”

“கேட்டா?”

“பதில் இல்லை. அவங்க இருந்தா நல்லாருக்கும். ஆனா அதுக்காக நீங்க ரெண்டு பேரும் பேசிறாதீங்க. பேசினாலும் கம்பெனி போச்சு.”

“போக விடவும் கூடாது, பேசவும் கூடாது. அப்படித்தானே?”

“ஆமா.”

“உனக்கு முன்னாலயே அந்தத் தொழிலைத்தான்ட்டி நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன். அவளுக்குப் புரியலை. எதற்கு அதைச் சொன்னேன் என்று எனக்கும் தெரியலை.

மே 24, சனி

 நடந்ததை நடந்தபடி எழுதணும், இல்லாவிட்டால் கோகிலா சொல்வதுதான் நிலைத்துப்போகும்.

மேடையின் அந்த ஓரம் அவளுக்கு நாற்காலி, இந்த ஓரம் எனக்கு. நடுவில் தன்யா, டையோடு, கையில் மைக்கு. கீழே நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேங்க் மேனேஜர், இன்னொன்று கடலைமிட்டாய்க் கம்பெனி நடத்துகிற அம்மா. மண்டபம் நிறையப் பெத்தவர்கள். மாடிக்காரி இன்றைக்கும் பட்டுதான்.

நான் ஆரம்பித்தேன். “எதுக்குப் போறேன்னு கேளு.” தன்யா ஓடினாள், வந்தாள். “மகன் கூப்பிடுதான்.”

“மகன் போன வருஷமும் கூப்பிட்டான். அப்ப ஏன் போகலைன்னு கேளு.”

ஓடினாள். சீனியம்மாள் இந்தத் தடவை ரொம்ப நேரம் பேசினாள். மைக்கு அவள் பக்கம் இல்லாததால் எனக்குக் கேட்கலை. பிள்ளை திரும்பி வந்தாள், பாதியில் நின்றாள். நடுமேடை. டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அசையவே இல்லை. நவீன் சார் கீழே இருந்து, “டெலிவரி, டெலிவரி” என்று கையைக் காட்டினார். வந்து சொன்னாள்.

“போன வருஷம் கீழயிருந்து நாளெல்லாம் சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். அதைச் சொல்லு, இதைக் கேளுன்னு பிள்ளை ஏறி ஏறி வரும். நானும் ஒண்ணு சொல்லி விடுவேன். பொழுது போறதே தெரியாது. இப்ப எல்லாத்துக்கும் ரேட்டு போட்டாச்சு. உங்களுக்கும் மிச்சம் பிடிக்கத் தோணிருச்சு. பொழுதடைஞ்சா ஒரே ஒரு சேதி. மத்த நேரமெல்லாம் நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு எதுக்கு அங்க இருக்கணும்?”

பிள்ளை இதை முகபாவத்தோடு சொன்னாள். மாடிக்காரி அதை வாங்கியிருந்தாளா என்று தெரியாது.

 இதற்குப் பதிலைத் தன்யாவிடம் சொல்லி அனுப்ப மனசு வரலை, அந்தப் பிள்ளை நின்ற நிலை அப்படி. கீழே பார்த்தேன். பேங்க் மேனேஜர்தான் நேராக இருந்தார்.

“ஏன் மேனேஜர் சார், மாடியைப் பூட்டிப் போட்டா கீழ இருக்கிறவளுக்குத் தூக்கம் வருமா? நீங்களே சொல்லுங்க!”

அவர் பேனாவை மூடினார். “வீட்டு மேல லோன் ஏதும் இருக்காம்மா?”

அந்த ஓரத்தில் நாற்காலி கிறீச்சென்றது. சீனியம்மாள் மிட்டாய்க் கம்பெனி அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, ஒருத்தியைப் பாத்து இருன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவங்க, தூக்கத்தைப் பத்தி ஏன் பேசணும்?” என்றாள்.

“நான் யாரையும் போகச் சொல்லலையேம்மா” என்றது அந்த அம்மா, பாவம்.

“மேனேஜர் சார், அந்தம்மாட்ட சொல்லுங்க. அது அவ வீடு. அவ வீட்ல அவளை இருன்னு சொல்ல நான் யாரு?”

அவர் பக்கத்தில் திரும்பி, “அது அவங்க வீடுதானாம், இவங்க யாராம்” என்றார். அந்த அம்மா மேடையைப் பார்த்து அதைச் சொன்னது. அந்த ஓரத்திலிருந்து இன்னொன்று வந்தது. இவர் வாங்கி எனக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் நன்றாகவே செய்தார், புருவமெல்லாம் ஏறியது. மண்டபமே விசில்.

தன்யா ஒருவரும் கூப்பிடாமல் நடுவில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். மைக்கைத் தூக்கினாள்.

“இப்ப நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறது எங்க போட்டிக் கம்பெனி. அவங்க இலவசமா செய்றாங்க.”

நவீன் சார் வேர்த்து ஊற்ற எழுந்து, “அப்போ உன் அடுத்த திட்டம் என்னம்மா?” என்றார்.

“முதல் வாடிக்கையாளர் ரெண்டு பேருக்கும் இன்னையிலிருந்து கட்டணம் கிடையாது. முகபாவமும் சும்மாவே. மத்தவங்களுக்கு ஏத்திருவோம்.”

பரிசு சர்பத்துக்காரப் பிள்ளைக்குப் போனது. ஐஸ் போடாத சர்பத். எனக்கு மறக்காது.

நாங்கள் பேசிவிட்டோம் என்று கோகிலா தெருவெல்லாம் சொல்கிறாள். பேசலை. நான் மேனேஜரிடம் பேசினேன், அவள் மிட்டாய்க் கம்பெனி அம்மாவிடம் பேசினாள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் சாட்சி.

மே 27, செவ்வாய்

மேலே மறுபடி பெட்டி இழுக்கிற சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கிறாளா, உள்ளே தள்ளுகிறாளா என்று சத்தத்தில் தெரியலை.

தன்யா, “இப்பத்தான் இலவசமாச்சே, கேட்டுட்டு வரட்டா?” என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

அழகுராசா அம்மாவைக் கூட்டிப் போகக் காரெடுத்து வந்துவிட்டான். ஓசூரில் பெரிய கம்பெனியில் நானூறு பேரை வேலை வாங்குகிறவன். நேரே மாடிக்குப் போனான். நான் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கல்லே இல்லாத அரிசி.

இறங்கி வந்தான். “பெரியம்மா, அம்மா வரலைங்காங்க. உங்ககிட்ட சொல்லிரச் சொன்னாங்க.”

முறத்தைக் கீழே வைக்காமலே, “ஏனாம்?” என்றேன்.

“கேக்கலையே.”

“கேட்டுட்டு வா.”

போனான், வந்தான். “மாடியைப் பூட்டினா கீழ இருக்கிறவங்களுக்குத் தூக்கம் வராதாம்.”

“என் தூக்கத்துக்காக யாரும் இருக்க வேண்டாம்னு சொல்லு.”

போனான், வந்தான். “உங்க தூக்கத்துக்காக இல்லையாம். ஓசூர்ல மெத்தை சரியில்லையாம்.” சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது அவனுக்கு. “பெரியம்மா, எங்க வீட்டு மெத்தையில அம்மா படுத்ததே கிடையாது. நீங்களே ஒரு எட்டு மேல போய்ப் பேசிக்கிட்டா என்ன?”

தன்யா மாடி தெரிகிற படியில் உட்கார்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். “சித்தப்பா, முகபாவமே சரியில்லை. நீங்க மாடி ஆச்சி மாதிரி உதட்டைச் சுழிக்கணும்.”

“உதட்டைச் சுழிச்சுக்கிட்டா இருந்தா?” என்று கேட்டேன்.

“சுழிச்சுத்தான் இருந்தாங்க ஆச்சி. ஆனா கண்ணு சுழிக்கலை.”

வந்த பிள்ளை சும்மா போகக்கூடாது என்று பாயசம் வைத்தேன். அவனுக்காகத்தான். கிண்ணத்தில் ஊற்றி மேலே ஒன்று கொண்டுபோகச் சொன்னேன். குடித்துவிட்டு, பாயசத்தில் சீனி கம்மி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சீனி கம்மியாம். அழகுராசா இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரணும் என்று கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் படிக்கும் நடுவில் நிற்கிறான். நிற்கட்டும். இதற்கு நான் ஒரு பதில் சொல்லி அனுப்பணும், சின்னப் பதில் இல்லை.